ஏபிசிடேரியன்: ஒப்பித்தலில் பிறந்த ஒரு சொல்

ஆங்கில அகராதியின் தொடக்கப் பக்கங்களில், அதிகம் பேரால் எடுத்தாளப்படாமல், ஏபிசிடேரியன் என்றொரு சொல் இருக்கிறது. டே என்னும் அசையில் அழுத்தம் கொடுத்து இதை உச்சரிக்க வேண்டும். அப்படி உச்சரிக்கும்போது, எழுத்துப் படிக்கத் தொடங்கிய குழந்தையொன்று முதல் நான்கு எழுத்துகளை ஒப்பிக்கும் ஓசை அதற்குள் கேட்கும். அந்த ஓசை தற்செயலாக அமைந்ததன்று. ஏ, பி, சி, டி என்ற நான்கு எழுத்துகளின் பெயர்களே இச்சொல்லின் உடல். எஞ்சியிருப்பது ஒரு லத்தீன் ஈறு மட்டுமே. எழுத்துகளைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானது இதுதான். இதன் பொருள்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து போனால் எழுத்து வரலாற்றின் பெரும்பகுதி வந்து சேர்ந்துவிடுகிறது. அந்த வரலாற்றை நமக்குக் காத்துத் தந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தில் வல்லவர்கள் அல்லர், எழுதக் கற்றுக்கொண்டிருந்தவர்களே என்பதும் இச்சொல்லின் வழியாகத்தான் எனக்குத் தெளிவாயிற்று.

பெயர்ச்சொல்லாக வரும்போது இதன் முதற்பொருள், எழுத்துப் படித்துக்கொண்டிருப்பவர் என்பது. அதிலிருந்து விரிந்து, எந்தத் துறையிலும் அடிப்படைகளைக் கற்கும் நிலையில் இருக்கும் புதியவரையும் அது குறிக்கிறது. எழுத்துக் கற்பிக்கும் ஆசிரியரையும் இதே சொல்லால் அழைத்திருக்கிறார்கள். பெயரடையாக வரும்போது அகரவரிசைப்படி அடுக்கப்பட்ட என்றும், தொடக்கநிலைக்குரிய என்றும் இரு பொருள்கள் தருகிறது. கற்பவருக்கும் கற்பிப்பவருக்கும் ஒரே பெயர் எப்படிப் பொருந்தியது என்று முதலில் வியப்பாக இருக்கும். அதற்கான விளக்கம் அந்த லத்தீன் ஈற்றில் இருக்கிறது. லைப்ரேரியன் என்ற சொல்லில் நாம் கேட்கும் அதே ஈறுதான் அது. ஒன்றோடு தொடர்புடையவர் என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. எழுத்துகளோடு அன்றாடம் உறவாடுகிறவர் எவரோ அவர் ஏபிசிடேரியன். பலகையின் எந்தப் பக்கத்தில் அமர்ந்திருக்கிறார் என்பதைப் பற்றி அந்த ஈறு கவலைப்படவில்லை.

இதன் மூலம் பிற்கால லத்தீனில் வழங்கிய அபெகெதாரியுஸ் என்ற சொல். லத்தீன் எழுத்துகளின் பெயர்களான ஆ, பே, கே, தே என்பவற்றைக் கோத்து, அந்த ஈற்றைச் சேர்த்து உருவாக்கியது. பழைய லத்தீனில் மூன்றாம் எழுத்து எப்போதும் ககர ஒலியே பெற்றிருந்தது. சகர ஒலி பின்னர் வந்தது. இச்சொல்லின் வழக்குக்குத் தெளிவான சான்றொன்றைத் தருகிறவர் அகுஸ்தீன். வட ஆப்பிரிக்காவில் ஆயராக விளங்கிய அவர், டொனாட்டஸ் என்பவரின் பெயரால் வழங்கிய கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிராகக் கி.பி. 393ஆம் ஆண்டளவில் ஒரு பாடலை இயற்றினார். கல்வியறிவு குறைந்த மக்களும் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும் என்பதற்காக, அதன் பகுதிகள் ஒவ்வொன்றையும் லத்தீன் எழுத்துகளின் வரிசைப்படி தொடங்கினார். முதுமையில் தம் நூல்களைத் தாமே மறுபார்வையிட்டபோது, அந்தப் பாடலை வி எழுத்து வரையில் மட்டுமே அமைத்ததாகக் குறிப்பிட்டு, இவ்வகைப் பாடல்களை அபெகெதாரியுஸ் என்று அழைப்பார்கள் என்றும் எழுதினார். அழைப்பார்கள் என்று அவர் சொல்வதிலிருந்து, சொல் அவருடைய ஆக்கமன்று, அவர் காலத்திலேயே வழக்கில் இருந்தது என்பது புலனாகிறது.

எழுத்துத் தொகுதிக்கு ஆல்ஃபபெட் என்ற சொல் ஏற்கெனவே இருக்க, இன்னொன்று ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி எழும். இரண்டும் ஒரே முறையில் பிறந்தவை. பிறந்த இடங்கள்தாம் வேறு. கிரேக்கர்கள் தம் எழுத்துகளை ஆல்ஃபா, பீட்டா என்று அழைத்தார்கள். அவற்றின் முதலிரண்டு பெயர்களும் சேர்ந்து ஆல்ஃபபெட் ஆயிற்று. கிரேக்கர்களுக்கு அந்தப் பெயர்கள் எபிரேயம், பினீசியம் போன்ற மேற்குச் செமித்திய மொழிகளைப் பேசிய மக்களிடமிருந்து வந்தவை. ஆலெப் என்றால் எருது, பேத் என்றால் வீடு. செமித்திய மொழி பேசியவனுக்குப் பொருளுள்ள சொற்களாக இருந்தவை கிரேக்கனின் வாயில் வெறும் பெயர்களாயின. அடுத்த கட்டத்தில், கிரேக்கர்களிடமிருந்து எழுத்தைப் பெற்று ரோமானியர்களுக்குத் தந்த பண்டைய இத்தாலிய மக்களான எட்ரஸ்கர்கள் வழியாக, அந்த நீண்ட பெயர்களும் உதிர்ந்தன. ஆல்ஃபா வெறும் ஆ ஆயிற்று. பீட்டா வெறும் பே ஆயிற்று. பெயர்கள் ஓரசையாகச் சுருங்கியதால்தான் நான்கு எழுத்துகளை ஒரே மூச்சில் கோத்துச் சொல்லாக்க முடிந்தது.

எட்ரஸ்கர்களைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனெனில் நம் சொல்லின் நடுவில் அவர்களுடைய காதும் நாவும் பதிந்திருக்கின்றன. செமித்திய வரிசையில் மூன்றாவது எழுத்து கீமல். கிரேக்க வரிசையில் அது காமா. இரண்டும் குரலொலி கொண்ட ககரத்தை, அதாவது தங்கம் என்பதில் நாம் கேட்கும் ககரத்தை, குறித்தவை. எட்ரஸ்க மொழியிலோ குரலொலி கொண்ட ககரத்துக்கும் குரலொலி இல்லாத ககரத்துக்கும் வேறுபாடு கிடையாது. ஒரே எழுத்தை இடம் நோக்கி இருவிதமாக ஒலிக்கும் தமிழர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமன்று. ஆகவே காமாவின் வடிவத்தை எடுத்துக்கொண்ட எட்ரஸ்கர்கள் அதைத் தங்கள் ககரத்துக்கு உரியதாக்கினார்கள். ரோமானியர்கள் அப்படியே பெற்றுக்கொண்டு, தங்கள் மொழியில் இரு ஒலிகளும் வேறுபட்டுக் கிடந்ததால் சிறிது காலம் இடர்ப்பட்டார்கள். பின்னர் அந்த எழுத்தில் ஒரு சிறு கோட்டைச் சேர்த்து ஜி என்று இன்று நாம் அறியும் எழுத்தை உருவாக்கினார்கள். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் ரோமில் பள்ளி நடத்திய ஸ்பூரியஸ் கார்விலியஸ் ரூகா என்பவரே அதை உருவாக்கியவர் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறார். ஒரு பள்ளி ஆசிரியரின் பெயர் எழுத்தொன்றின் பிறப்போடு சேர்ந்து நிலைத்திருப்பது எனக்கு மிகவும் நிறைவளிக்கும் செய்தி.

இன்னும் வியப்பானது இரண்டாம், நான்காம் எழுத்துகளின் கதை. எட்ரஸ்க மொழியில் பகரத்துக்கும் தகரத்துக்கும் குரலொலி வடிவங்கள் இல்லை. ஆகவே பி, டி ஆகிய இரு எழுத்துகளும் அவர்களுக்குப் பயன்படவே இல்லை. ஆனாலும் அவற்றைத் தூக்கி எறியவில்லை. இத்தாலியின் தஸ்கனி பகுதியில் மார்சிலியானா என்னுமிடத்தில் கிடைத்த, கி.மு. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தந்த எழுதுபலகை ஒன்று இன்று ஃபுளோரன்ஸ் நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கைக்குள் அடங்கும் அளவுடைய அதன் விளிம்பில் 26 எழுத்துகள் வலமிருந்து இடமாகப் பொறிக்கப்பட்டுள்ளன. எட்ரஸ்கர்கள் தங்கள் மொழியை எழுதும்போது ஒருநாளும் தொடாத பி, டி, ஓ ஆகிய எழுத்துகளும் அந்த வரிசையில் தத்தம் இடத்தில் நிற்கின்றன. வரிசையை முழுதாகக் கற்றவர்கள் முழுதாகவே கைமாற்றினார்கள். தேவையில்லாதவை என்று நடுவிலிருந்து எதையும் உருவவில்லை. ரோமானியர்களுக்கு அந்த எழுத்துகள் தேவைப்பட்டபோது அவை காத்திருந்தன என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அப்படியானால் நம் சொல்லின் நான்கு எழுத்துகளில் ஒன்றை எட்ரஸ்கர்கள் மாற்றியமைத்தார்கள். இரண்டைப் பயனின்றியே சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்.

எழுத்துகளை வரிசையாக எழுதிவைத்த இத்தகைய பொறிப்புகளுக்குத் தொல்லியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் அபெசிடேரியம். நம் சொல்லின் உடன்பிறப்பு அது. இவற்றில் மிகப் பழமையானவற்றுள் ஒன்று இன்றைய சிரியாவின் கடற்கரையில் உள்ள உகாரிட் என்னும் தொல்நகரில் கிடைத்தது. கி.மு. 14ஆம் நூற்றாண்டை ஒட்டிய அந்தச் சிறிய களிமண் பலகையில் ஆப்பெழுத்து வடிவில் 30 எழுத்துகள் உள்ளன. வடிவங்களுக்கும் இன்றைய ஆங்கில எழுத்துகளுக்கும் எள்ளளவும் ஒற்றுமை கிடையாது. ஆனால் வரிசை அதே வரிசை. ஆ, பே, கா என்று தொடங்கி, இடையில் பிற்காலத்தில் வழக்கொழிந்த ஓர் எழுத்து வந்து, பிறகு தா வருகிறது. மூவாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக வடிவம் மாறியது, எழுதும் திசை மாறியது, மொழி மாறியது, சமயம் மாறியது. ஒப்பிக்கும் வரிசை மட்டும் ஏறத்தாழ மாறவே இல்லை.

அந்த 30 எழுத்துகளில் கடைசி மூன்றும் பின்னர் சேர்க்கப்பட்டவை. புதிதாக வருகிற எழுத்து வரிசையின் கடைசியில் போய் நிற்பது பல இடங்களில் காணப்படும் வழக்கம். கி.மு. முதல் நூற்றாண்டில் கிரேக்கச் சொற்களை எழுதுவதற்காக ரோமானியர்கள் சேர்த்த ஒய், இசட் ஆகிய இரண்டும் வரிசையின் கடைசியிலேயே இடம்பெற்றன. வடமொழி வரிசையோடு ஒப்பிட்டால் அதில் இல்லாத ழ, ள, ற, ன ஆகியவை தமிழ் நெடுங்கணக்கின் இறுதியில் நிற்பதும் இங்கே நினைவுக்கு வருகிறது. ஒருமுறை ஒப்பித்துப் பழகிய வரிசையின் நடுவில் கை வைக்க எவரும் விரும்புவதில்லை. ரோமானியர்களின் ஜி ஒரு விலக்கு. அது ஏழாம் இடத்தில் அமர்ந்தது. முதலில் அங்கே இருந்த இசட் பயனற்றதென்று நீக்கப்பட்டிருந்ததால் அந்த இடம் காலியாக இருந்தது.

இந்த வரிசைக்கு ஏதேனும் காரணம் உண்டா என்று பலர் தேடியிருக்கிறார்கள். எவரும் ஏற்கத்தக்க விடை இதுவரை கிடைத்ததில்லை. தமிழ் வரிசைக்குக் காரணம் சொல்லலாம். நம் இலக்கணிகள் சொல்லியும் இருக்கிறார்கள். உயிர் முன்னும் மெய் பின்னும், குறிலும் அதன் நெடிலும் அடுத்தடுத்து, வல்லினமும் அதன் இனமான மெல்லினமும் இணையாக என்று ஒலி பிறக்கும் முறையையே அது பின்பற்றுகிறது. சிறப்பினும் இனத்தினும் செறிந்து நடப்பதே முறை என்கிறது நன்னூல். ஆ, பே, கே, தே என்ற வரிசையில் சிறப்பும் இல்லை, இனமும் இல்லை. உயிரொலியும் மெய்யொலியும் அடுக்கின்றிக் கலந்து கிடக்கின்றன. அதனாலேயே அதை ஒப்பித்து மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை. காரணத்தால் நினைவில் நிற்காத ஒன்றை ஓசையால் நிறுத்த வேண்டியிருந்தது. அந்த ஓசையின் முதல் நான்கு அசைகளைக் கொண்டு சொல் பிறந்ததும் அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

எழுத்துகளை வரிசையாக எழுதவேண்டிய தேவை யாருக்கு இருக்கிறது? கடிதம் எழுதுகிறவனுக்கு இல்லை; கணக்கு எழுதுகிறவனுக்கு இல்லை; அரசாணையைக் கல்லில் பொறிக்கிறவனுக்கும் இல்லை. எழுத்தை அறிந்தவர்கள் எழுத்தால் வேறொன்றை எழுதுவார்கள். எழுத்தையே எழுதுகிறவர்கள் அதைக் கற்பவர்களும் கற்பிப்பவர்களுமே. இஸ்ரேலில் இஸ்பெத் சார்த்தா என்னுமிடத்தில் 1976ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த பானை ஓட்டுத் துண்டு இதற்கு அழகான சான்று. கி.மு. 12, 11ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அதில் ஐந்து வரிகள் கீறப்பட்டுள்ளன. ஒன்றில் எழுத்து வரிசை இருக்கிறது. மற்ற வரிகளைப் பொருளுள்ள வாசகமாகக் கொள்வதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. எழுத்துகள் சீரற்றவை, வரிசையில் விடுபாடும் உண்டு. பழகாத ஒரு கை பயிற்சி செய்ததன் தடயமாகவே பலரும் அதைக் காண்கிறார்கள். அந்தக் காலத்து அரசர்களின் கட்டளைகள் பல அழிந்து போயிருக்க, எழுதக் கற்றுக்கொண்டிருந்த ஒருவரின் தடுமாற்றம் மூவாயிரம் ஆண்டுகளைக் கடந்து வந்திருக்கிறது. எழுத்து வரிசை எவ்வளவு பழமையானது என்பதை நாம் உறுதியாகச் சொல்ல முடிவது இத்தகைய ஏபிசிடேரியன்களால்தான்.

அந்தப் பானையோட்டில் ஒரு நுட்பம் இருக்கிறது. எபிரேய வரிசையில் ஐயின் என்ற எழுத்துக்குப் பின் பே வர வேண்டும். அதில் பே முன்னால் வருகிறது. கற்றுக்குட்டியின் தவறு என்று ஒதுக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் விவிலியத்தின் புலம்பல் நூல் அப்படி ஒதுக்கவிடாது. எருசலேமின் அழிவுக்காக இரங்கும் அந்நூலின் முதல் நான்கு அதிகாரங்களும் எழுத்து வரிசைப்படி அமைந்த பாடல்கள். எபிரேயத்தில் 22 எழுத்துகள். முதல், இரண்டாம், நான்காம் அதிகாரங்களில் எழுத்துக்கு ஒன்றாக 22 வசனங்கள். மூன்றாவதில் எழுத்துக்கு மூன்றாக 66 வசனங்கள். முதல் அதிகாரம் நாம் அறிந்த வரிசையில் செல்கிறது. இரண்டு, மூன்று, நான்காம் அதிகாரங்களிலோ பே முன்னும் ஐயின் பின்னும் வருகின்றன. பானையோட்டின் வரிசையும் இந்தப் பாடல்களின் வரிசையும் இந்த இடத்தில் ஒத்துப்போகின்றன. இரு எழுத்துகளும் இடம் மாறி வழங்கிய இன்னொரு வரிசை அக்காலத்தில் உண்மையாகவே வாழ்ந்திருந்தது என்பதே இதிலிருந்து கொள்ளத்தக்க முடிவு. சீரற்ற எழுத்தில் எழுதியவரை நம்பாமல் விட்டிருந்தால் ஓர் உண்மையை இழந்திருப்போம்.

ஐந்தாம் அதிகாரமும் 22 வசனங்களைக் கொண்டது. ஆனால் அதில் எழுத்து வரிசை இல்லை. துயரத்தை எழுத்தின் முதலிலிருந்து கடைசி வரை சொல்லித் தீர்த்த பின்னரும் அது தீரவில்லை என்பதுபோல, அளவு மட்டும் நிற்க வரிசை கலைந்து போகிறது. இதைக் கவிஞரின் திட்டம் என்று நிறுவ முடியாது. எனினும் படிக்கும்போதெல்லாம் என்னை அசைத்துவிடுகிறது. இதே உத்தி சங்கீதம் 119இல் பெருவடிவம் கொள்கிறது. எழுத்துக்கு எட்டு வசனங்கள் வீதம் 176 வசனங்கள். விவிலியத்தின் மிக நீளமான அதிகாரம் அதுவே. இத்தகைய பாடல்களையும் ஆங்கிலத்தில் ஏபிசிடேரியன் என்றே சொல்கிறார்கள். இன்றும் ஆங்கிலக் கவிஞர்கள் 26 வரிகளில் இந்த வடிவத்தை எழுதி வருகிறார்கள். அகுஸ்தீன் மக்கள் நினைவுக்காகக் கையாண்டது இந்த எபிரேய மரபைத்தான்.

தொடக்கநிலை என்ற பொருளில் ஒட்டியிருக்கும் சிறு இழிவுக்கு ரோமானியப் பள்ளியறை பொறுப்பு. கி.பி. முதல் நூற்றாண்டில் கல்வி பற்றி எழுதிய குவின்டிலியன், குழந்தைகளுக்கு எழுத்துகளின் வடிவத்தைக் காட்டும் முன்பே பெயர்களையும் வரிசையையும் ஒப்பிக்கச் செய்யும் வழக்கத்தைக் கண்டித்தார். நினைவிலிருந்து வாய் ஓடிக்கொண்டிருப்பதால் கண் எழுத்தின் வடிவத்தைக் கவனிக்காமலே போகிறது என்பது அவருடைய காரணம். ஆசிரியர்கள் பிறகு வரிசையைத் தலைகீழாக்கியும் கலைத்துப்போட்டும் சோதிக்க வேண்டியிருக்கிறது என்றார். தந்தத்தில் செய்த எழுத்துகளைக் குழந்தைகளின் கையில் விளையாடக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தவரும் அவரே. வரிசையைக் கலைத்துப் பயிற்றிய வழக்கத்துக்குப் பழைய சுவர்க்கீறல்களிலும் சான்று உண்டு: முதல் எழுத்தையும் கடைசி எழுத்தையும் இணைத்து ஏ எக்ஸ், பி வி, சி டி (T) என்று உள்நோக்கி வருவார்கள். அன்றைய லத்தீன் வரிசை எக்ஸ் எழுத்தோடு முடிந்தது.

குவின்டிலியனுக்குச் சற்று முந்தைய ரோமானியத் தத்துவஞானி செனெகாவோ கடுமையான மனிதர். எழுத்துப் படிக்கும் கிழவன் வெட்கத்துக்கும் நகைப்புக்கும் உரியவன் என்று அவர் தம் கடிதமொன்றில் எழுதினார். இளமையில் சேர்க்க வேண்டும், முதுமையில் பயன்படுத்த வேண்டும் என்பது அவர் கருத்து. அங்கே அவர் பயன்படுத்திய சொல் எலெமென்டாரியுஸ். எழுத்துக்கு லத்தீனில் எலெமென்டா என்றும் ஒரு பெயர் உண்டு. எலிமெண்டரி என்று நாம் பள்ளிக்குச் சொல்வதன் வேர் அதுவே. எல், எம், என் என்ற மூன்று எழுத்துகளின் பெயர்களிலிருந்து அது பிறந்திருக்கலாம் என்று சிலர் ஊகித்திருக்கிறார்கள். உறுதிப்படாத ஊகம்தான், ஆனால் ஏபிசிடேரியனின் பிறப்பைப் பார்த்த பின்னர் அது கவர்ச்சியாகத் தோன்றாமல் இருக்காது. செனெகாவின் கூற்றை என்னால் ஏற்க முடிவதில்லை. முதுமையில் கற்க வருகிறவர் இளமையில் அந்த வாய்ப்பு மறுக்கப்பட்டவராக இருப்பதே பெரும்பாலும் உண்மை. வெட்கம் மறுத்தவர்களுக்கு உரியது.

எழுத்தை மறுப்பதையே கொள்கையாகக் கொண்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்கும் இதே பெயர் வாய்த்தது இச்சொல்லின் வரலாற்றில் விந்தையான திருப்பம். ஜெர்மனியில் சமயச் சீர்திருத்தம் கொந்தளித்துக்கொண்டிருந்த 1521ஆம் ஆண்டின் இறுதியில், ஸ்விக்காவ் நகரிலிருந்து நிக்கோலஸ் ஸ்டோர்க் என்ற நெசவாளரும் அவருடைய தோழர்களும் விட்டன்பர்க் நகருக்கு வந்தார்கள். கடவுள் தங்களோடு நேரடியாகப் பேசுகிறார் என்றார்கள். தூய ஆவியே கற்பிக்கும்போது மனிதக் கல்வி தேவையில்லை, அது இடையூறுங்கூட என்ற எண்ணம் அவர்களோடு இணைத்துப் பேசப்பட்டது. மறைந்து வாழ்ந்த, சீர்திருத்தத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் 1522 மார்ச் மாதத்தில் திரும்பி வந்து தொடர்ந்து உரையாற்றிய பின்னரே நகரம் அமைதியடைந்தது. அங்கே பேராசிரியராக இருந்த கார்ல்ஸ்டாட் பின்னாளில் தம் பட்டங்களைத் துறந்து உழவர் உடை அணிந்து வாழ்ந்தார். இந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள் முதல் எழுத்துகளைக்கூடக் கற்க மறுத்தவர்கள் என்று பிற்காலத்தார் எழுதி, ஏபிசிடேரியன்கள் என்று அவர்களுக்குப் பெயரிட்டார்கள். அப்படியொரு தனிப் பிரிவு உண்மையில் இயங்கியதா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்கு ஐயம் உண்டு. அவர்களைப் பற்றி நாம் அறிவது எதிர் அணியினர் எழுதியவற்றின் வழியாக என்பதால், அந்த ஐயம் நியாயமானதே.

திருச்சபையின் மற்றொரு பக்கத்தில் எழுத்து வரிசை சடங்காகவே இருந்தது. புதிய தேவாலயத்தை அருட்பொழிவு செய்யும்போது, தரையில் மூலைக்கு மூலை குறுக்காகச் சாம்பலைப் பரப்பி, ஒரு கோட்டில் கிரேக்க எழுத்துகளையும் மற்றொன்றில் லத்தீன் எழுத்துகளையும் ஆயர் தம் செங்கோலின் முனையால் வரிசையாக எழுதுவார். வழிபாட்டில் எழுத்து வரிசையையே எழுதும் அந்தச் செயல், வல்லவரும் சில நொடிகள் தொடக்க மாணவராக நிற்கும் அரிய தருணம்.

அகரவரிசைப்படி அடுக்கப்பட்ட என்ற பொருளுக்கு வருவோம். எழுத்து வரிசையை எல்லாரும் மனப்பாடம் செய்திருந்தும், சொற்களைத் தேடி எடுப்பதற்கு அதைக் கருவியாக்க ஐரோப்பா நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. இத்தாலியின் ஜெனோவா நகரைச் சேர்ந்த ஜியோவான்னி பால்பி 1286ஆம் ஆண்டு தம் லத்தீன் அகராதியை முடித்தபோது, ஆமோ என்ற சொல் பிபோ என்ற சொல்லுக்கு முன் வருவது ஏன் என்று முன்னுரையில் பொறுமையாக விளக்க வேண்டியிருந்தது. முன்னதன் முதலெழுத்து ஏ, பின்னதன் முதலெழுத்து பி என்று தொடங்கி, அடுத்தடுத்த எழுத்துகளுக்கும் எடுத்துக்காட்டுத் தந்தார். பெரும் உழைப்பில் தாம் வகுத்த இம்முறையை வாசகர் இகழ வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை. ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கிலத்திலேயே பொருள் தந்த முதல் அகராதியாகக் கருதப்படும் நூலை ராபர்ட் காட்ரி 1604ஆம் ஆண்டு வெளியிட்டார். சுமார் 2,500 சொற்கள் கொண்ட அதன் முன்னுரையில், எழுத்துகளின் வரிசையைப் புத்தகம் பாராமல் நன்கு கற்றுக்கொள்ளுமாறும், பி தொடக்கத்தை ஒட்டியும் என் நடுவிலும் டி (T) என்னும் எழுத்து கடைசியை ஒட்டியும் நிற்பதை அறிந்துகொள்ளுமாறும் வாசகருக்குச் சொல்கிறார். அகராதியைத் திறக்கிற ஒவ்வொருவரையும் அவர் முதலில் எழுத்து வரிசைக்குத் திருப்பி அனுப்பினார்.

அந்த ஆண்டுகளில்தான் ஏபிசிடேரியன் ஆங்கிலத்துக்குள் வருகிறது. எழுத்துச் சுவடியைக் குறிக்கும் அபெசிடரி என்ற சொல்லும், ஏபிசி என்றே எழுத்துத் தொகுதியைக் குறிக்கும் வழக்கும் அதற்கு முன்பே ஆங்கிலத்தில் இருந்தன. அச்சு பெருகி, எழுத்தறிவு மெல்லப் பரவிக்கொண்டிருந்த 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கற்பவரைக் குறிக்கத் தனியாக ஒரு பெயர் தேவைப்பட்டிருக்கிறது. ஆனாலும் ஆங்கிலத்தில் இச்சொல் கற்றோர் நாவைவிட்டு இறங்கவில்லை. ஸ்பானிய மொழியிலோ கதை வேறு. அங்கே அபெசெதாரியோ என்பது தெருவில் எல்லாரும் பேசும் சொல். இன்றைய 27 ஸ்பானிய எழுத்துகளின் தொகுதிக்கு அதுவே இயல்பான பெயர். செக் மொழியில் அபெசெடா என்பார்கள். பிரெஞ்சில் அபெசெடேர் என்றால் குழந்தைகளின் எழுத்துப் புத்தகம்.

இச்சொல்லின் உறவுக்காரர்களில் எனக்குப் பெரும் மகிழ்ச்சி தந்த இருவரைச் சொல்லியாக வேண்டும். மெய்யெழுத்துகளை மட்டும் முதன்மையாக எழுதும் அரபு, எபிரேய எழுத்துமுறைகளுக்கு மொழியியலில் அப்ஜத் என்று பெயர். மெய்யின் வடிவத்தின்மேல் உயிர்க்குறி ஏறி நிற்கும் எத்தியோப்பிய, இந்திய எழுத்துமுறைகளுக்கு அபுகிடா என்று பெயர். இவ்விரண்டையும் 1990ஆம் ஆண்டு எழுத்துமுறைகளின் வகைப்பெயர்களாக நிலைநிறுத்தியவர் பீட்டர் டேனியல்ஸ் என்னும் மொழியியலாளர். அவை அவர் கற்பனையில் உருவானவை அல்ல. அலிஃப், பா, ஜீம், தால் என்ற நான்கு எழுத்துகளைச் சேர்த்து அரேபியர்கள் ஒப்பித்த பழைய சொல் அப்ஜத். எத்தியோப்பியாவின் கீயஸ் மொழியில், அதே நான்கு எழுத்துகளை அகரம், உகரம், இகரம், ஆகாரம் என்று உயிரை மாற்றிக்கொண்டே ஒப்பித்தால் அபுகிடா. லத்தீனில் அந்த நான்கையே ஒப்பித்தால் ஏபிசிடேரியனின் முதற்பாதி. மூன்று சொற்களிலும் இருப்பவை உகாரிட் பலகையின் தொடக்கத்தில் இருக்கும் அதே எழுத்துகள். காமாவும் கீமலும் ஜீமும் சியும் ஒரே எழுத்தின் நான்கு வாழ்க்கைகள். அந்த வகைப்பாட்டின்படி இந்தக் கட்டுரை எழுதப்பட்டிருக்கும் தமிழ் எழுத்தும் ஓர் அபுகிடாவே. க என்பதிலிருந்து கு என்றும் கி என்றும் கா என்றும் நாம் படிப்பதைத்தான் அந்தப் பெயர் தன் உடலிலேயே செய்து காட்டுகிறது.

ஆங்கிலத்தில் இச்சொல் அண்மைக் காலத்தில் மிகுதியாக எழுதப்பட்டது ஓர் ஆய்வின் பெயராகத்தான். அமெரிக்காவின் வட கரோலினாவில் 1972ஆம் ஆண்டு தொடங்கிய ஏபிசிடேரியன் திட்டம், வறுமையில் பிறந்த 111 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்து, குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக் குழந்தைகளுக்குக் கைக்குழந்தைப் பருவத்திலிருந்து ஐந்து வயது வரை முழுநாள் பராமரிப்பும், விளையாட்டு வடிவில் மொழிப் பயிற்சியும் கிடைத்தன. அவர்கள் பெரியவர்களான பின்னரும் ஆய்வாளர்கள் தொடர்ந்து விசாரித்து வந்தார்கள். முப்பது வயதில், அந்தப் பிரிவினர் நான்காண்டுக் கல்லூரிப் பட்டம் பெற்றிருந்த விகிதம் மற்றவர்களுடையதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. 1970களில் பிறந்து, எழுத்தே அறியாத வயதில் அந்த அறைகளுக்குள் தூக்கி வரப்பட்ட அவர்களை ஆய்வுக் கட்டுரைகள் இன்றும் இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகின்றன.